நாற்பத்தோராம் பக்கம்

வெள்ளவத்தை,
12.02.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் ஷாமினியும் பிள்ளையும் சுகம். நேற்று உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்கள் ஐந்து தரம் "ஹலோ" சொன்னது எனக்குக் கேட்டது. நான் சொன்னது ஒன்றும் உங்களுக்குக் கேட்கவில்லை. அதுதான் பேனையைத் தூக்கினேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு கையால் ஒரு முழுப் பக்கம் எழுதுவது இதுதான் முதல்தரம்.

விஷயம் இது. உங்கள் கடலோரச் சுகநலச் சங்கம் தாதிமார் எல்லாருக்கும் போன் கொடுக்கப் போகிறது. என்ன போன், அதில் என்னென்ன பதிவது, யாருக்கு முதலில் கொடுப்பது, கையால் எழுதுகிற கொப்பிகளை எப்போது நிறுத்துவது எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் வகுத்துத் தரும் வேலை எங்கள் கொம்பனிக்குக் கிடைத்திருக்கிறது. கூட்டத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "என் அக்கா அந்தச் சங்கத்தில்தான் பன்னிரண்டு வருஷமாக நெடுந்தீவில் தாதி" என்று சொல்லிவிட்டேன். முழு வேலையையும் என்னிடமே தந்துவிட்டார்கள்.

ஆகவே அக்கா, நீங்கள்தான் எனக்குப் பாடம் சொல்ல வேண்டும். ஒரு நாளில் எத்தனை வீடு போகிறீர்கள்? எதை எங்கே எழுதுகிறீர்கள்? அவசரம் என்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற டொக்ரருக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் கொழும்பில் ஏசி அறைக்குள் இருந்து யோசிக்கிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன்.

உங்கள் அன்புத் தம்பி,
மிரோஜன்


நெடுந்தீவு,
24.02.2023

என் அன்புத் தம்பிக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நான் சுகம். உன் எழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தரம் வாசித்தேன்.

போன் தந்தால் நல்லதுதான். நான் வேண்டாம் என்று சொல்லுவேன் என்று நினைத்தாயோ? என்னிடம் ஏழு கொப்பி இருக்கிறது. ஒரு பிள்ளைத்தாச்சியின் பெயரை ஏழு இடத்தில் எழுத வேண்டும். சைக்கிள் கூடையில் கொப்பிகளின் பாரம்தான் கூட. ஆறு கொப்பி ஒழிந்தால் உனக்கு மெழுகுதிரி கொளுத்துவேன்.

ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது வீடு. மேற்குப் பக்கம் போனால் ஐந்துதான். சோளகக் காற்றில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக ஏலும். கல்வேலி வழிய போகிற இடமெல்லாம் சிக்னல் இல்லை. படகு வருகிற மாவிலித்துறைப் பக்கம் வந்தால் இருக்கிறது.

அவசரம் என்றால் சிவப்புத் துண்டு. சங்கம் அச்சடித்துத் தந்த சின்னச் சிவப்புத் தாள். பிறஷர் கூட, கால் வீக்கம், பிள்ளை துடிப்புக் குறைவு என்று எழுதி, படகில் வேலை செய்கிற லியோன் அண்ணையின் கையில் கொடுப்பேன். அவர் அக்கரையில், குறிகட்டுவானில், யாழ்ப்பாணம் போகிற பஸ் கொண்டக்டரிடம் கொடுப்பார். பின்னேரத்துக்குள் டொக்ரர் தில்லைநாதனின் மேசைக்குப் போய்விடும். அடுத்த நாள் படகில் பதில் வரும், அல்லது ஆளை அனுப்பச் சொல்லித் துறையடிக் கடைக்குப் போன் வரும். பதில் வராவிட்டால் லியோன் அண்ணையே, "தங்கச்சி, அந்தச் சிவப்புக்கு ஒண்டும் வரேல்லையே, என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பார்.

என்னைக் கேட்டால் உன் திட்டத்தில் ஒன்றே ஒன்று எழுது. நான் ஒன்றை அனுப்பினால் அதை ஒரு மனிதன் வாசித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும்? வாசிக்கவில்லை என்றால் எத்தனை மணித்தியாலத்தில் நான் வேறு வழி பார்க்க வேண்டும்? இதற்குப் பதில் இருந்தால் மற்றது எல்லாம் சரிவரும்.

பனங்கிழங்கு ஒடியல் மா அனுப்புகிறேன். ஷாமினிக்கு அவிக்கத் தெரியாது, நீயே அவி.

உன் அக்கா,
கிறிஸ்ரினா


வெள்ளவத்தை,
30.03.2023

அன்புள்ள அக்காவுக்கு,

மா வந்தது. கூழ் காய்ச்சினேன். ஷாமினி மணத்துக்கே வெளியில் போய் நின்றாள்.

திட்டம் முடிந்தது. அறுபத்து நான்கு பக்கம். உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். சிக்னல் இல்லாத இடத்திலும் பதியலாம், சிக்னல் வந்ததும் தானாகப் போகும். தாதி பதிந்தவுடன் ஆபத்தா இல்லையா என்று செயலியே கணக்குப் பார்த்து டொக்ரருக்கு எச்சரிக்கை அனுப்பும். உங்கள் கேள்விக்கு என்றே ஒரு பக்கம் ஒதுக்கினேன், நாற்பத்தோராம் பக்கம். டொக்ரர் வாசித்தால் உங்களுக்கு ஓர் அடையாளம் வர வேண்டும். ஆறு மணித்தியாலத்தில் வராவிட்டால் போன் சத்தம் போட வேண்டும். முதல் ஆறு மாதம் சிவப்புத் துண்டும் கூடவே நடக்க வேண்டும்.

வாசித்துவிட்டு எங்கள் டிரெக்டர், "இது கொழும்பில் இருந்து எழுதின மாதிரி இல்லை" என்றார். அந்தப் பாராட்டு உங்களுக்குத்தான் அக்கா.

பிள்ளை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அன்புத் தம்பி,
மிரோஜன்


நெடுந்தீவு,
18.06.2023

அன்புத் தம்பிக்கு,

போன் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் பயிற்சி. காலமை படகு பிந்தி நான் பத்தரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன், பாதி முடிந்துவிட்டது. சொல்லித் தந்த பொடியன் நல்லவன், ஆனால் நாங்கள் இருபத்தாறு பேர், அவன் ஒருத்தன். மூன்று மணிக்குக் கொழும்புப் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஓடிவிட்டான்.

கொப்பிகளையும் சிவப்புத் துண்டுகளையும் அன்றைக்கே வாங்கி வைத்துவிட்டார்கள். "ரெண்டு பதிவு இருந்தால் குழப்பம் வரும், இனித் தாளில் எழுதக் கூடாது" என்று ஒரு கடிதமும் தந்தார்கள். நீ ஆறு மாதம் என்று எழுதினாயே?

செயலி அழகாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் பிடித்திருக்கிறது. மேற்கில் விதுசன் என்று மாடு வளர்க்கிற பிள்ளை, அவன் மனைவி சுமித்திராவுக்கு ஏழு வருஷத்துக்குப் பிறகு இப்போது ஆறாம் மாதம். நான் பதிகிறபோது அவள் எட்டிப் பார்த்து, "அக்கா, என்ரை பேர் கொழும்புக்கும் போகுமோ?" என்று கேட்டாள். மாமியார் பார்வதிப்பிள்ளை, "உன்ரை பேர் போகட்டும், நீ எங்கையும் போகாமல் காலை நீட்டி இரு" என்று அதட்டினா.

ஒரு சந்தேகம். பதிந்து முடித்தால் ஒரு பச்சைச் சரி வருகிறது. அது வந்தால் டொக்ரருக்குப் போய்விட்டது என்று அர்த்தமா? சிக்னல் இல்லாத இடத்திலும் வருகிறது, அதனால்தான் கேட்கிறேன். இங்கே கேட்க ஆளில்லை.

உன் அக்கா,
கிறிஸ்ரினா


வெள்ளவத்தை,
29.06.2023

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், அடுத்த மாவட்டத்துக்கான வேலை தொடங்கிவிட்டது.

முதலில் ஒரு மன்னிப்பு. நாற்பத்தோராம் பக்கம் இந்தத் தரம் சேரவில்லை. அதைச் செய்ய இன்னும் நான்கு மாதம் வேண்டும் என்றார்கள், யூன் மாதத் தொடக்க விழாவுக்கு வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வருவதாக நாள் குறித்தாயிற்று. இரண்டாம் கட்டத்தில் கட்டாயம் சேர்ப்பதாகக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நான் சண்டை பிடித்தேன். ஓரளவுக்கு மேல் ஏலவில்லை.

பச்சைச் சரி வந்தால் எல்லாம் சரி அக்கா, யோசிக்க வேண்டாம். நீங்கள் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நான் பள்ளிக்கூடம் போனாலும் துறையடியில் நின்று படகு மறையுமட்டும் பார்ப்பீர்கள்.

மற்றத் தாதிமாருக்கும் நீங்கள் கொஞ்சம் தைரியம் சொல்லுங்கள். உங்களைத்தான் பார்ப்பார்கள்.

அன்புடன்,
மிரோஜன்


நெடுந்தீவு,
07.09.2023

தம்பிக்கு,

சுமித்திராவின் பிள்ளை போய்விட்டது. பொம்பிளைப் பிள்ளை. சுமித்திரா பிழைத்துவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஓகஸ்ட் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை போனனான். பிறஷர் நூற்று நாற்பத்தைந்துக்குத் தொண்ணூற்றைந்து. சிறுநீரில் கொஞ்சம் புரதம். கணுக்கால் அமத்தினால் பள்ளம் விழுந்தது. எட்டாம் மாதம் தொடங்கி இரண்டு கிழமை. எல்லாம் போனில் பதிந்தேன். சிவப்பாக ஒரு எழுத்து வந்தது, "வைத்தியரின் கவனம் தேவை" என்று. சேமி என்பதை அமத்தினேன். பச்சைச் சரி வந்தது.

சுமித்திராவிடம் சொன்னனான், "டொக்ரருக்குப் போயிட்டுது. நாளைக்கோ நாளையிண்டைக்கோ வரச்சொல்லிச் சொல்லுவார். உடுப்பை அடுக்கி வையும்" என்று. அவள் அன்றைக்கே அடுக்கிவிட்டாள்.

புதன்கிழமை கிழக்குப் பக்கம் வேலை. துறையடியால் போனனான், போன் பைக்குள் இருந்தது. டொக்ரர் கூப்பிடவில்லை. அவர் பார்த்திருப்பார், பயமில்லை என்றபடியால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்தேன். வியாழக்கிழமையும் அப்படியே. முந்தி என்றால் லியோன் அண்ணை கேட்டிருப்பார். அவருக்கு இப்போது ஒன்றும் தெரியாது. நானே அவளைக் கையில் பிடித்து இங்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். மூன்று மைல்கூட இல்லை. அதை நான் ஏன் செய்யவில்லை என்று இன்றைக்கு மட்டும் பத்துத் தரம் யோசித்துவிட்டேன். சரி வந்தபடியால்தான் செய்யவில்லை. அவ்வளவுதான்.

வெள்ளி காலமை ஒன்பதரைக்கு வலிப்பு. மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போனவள் தொட்டியடியில் விழுந்தாள். விதுசன் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டு, படகு ஒழுங்கு செய்து தந்தார்கள். நான் கூடப் போனனான். துறையடியில் நின்று டொக்ரருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று அந்தப் போனைத் திறந்தேன். அது ஒரு சத்தம் போட்டது. செவ்வாய்க்கிழமைப் பதிவு அப்போதுதான் போனது, மிரோஜன். அவள் படகில் கிடக்கிறாள், நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அவளைக் கவனிக்கச் சொல்லி டொக்ரருக்கு அப்போதுதான் போகிறது.

பிள்ளை யாழ்ப்பாணத்தில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறந்தது. மூச்சு இல்லை.

நேற்றுத்தான் சுமித்திரா வீட்டுக்கு வந்தாள். பார்க்கப் போனனான். அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா, நீங்கள் எழுதினீங்கள்தானே?" என்று கேட்டாள். "எழுதினனான்" என்றேன். "அப்ப ஆர் வாசிக்கேல்லை?" என்றாள்.

என்ன சொல்லட்டும்? நீ படித்தவன். சொல்.

அக்கா


வெள்ளவத்தை,
20.09.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒபிசில் வைத்துத்தான் திறந்தேன். முடிக்க முதல் எழும்பிப் படிக்கட்டில் போய் இருந்துவிட்டேன்.

பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்தது. செவ்வாய் காலை 10.12க்கு நீங்கள் பதிந்திருக்கிறீர்கள். வெள்ளி 10.47க்குத்தான் டொக்ரருக்குப் போயிருக்கிறது. அந்தப் பச்சைச் சரி "போனுக்குள் பதிந்தாயிற்று" என்பதற்கு மட்டும்தான் அக்கா. போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. செயலியைத் திறந்து வைத்தால்தான் அனுப்பும். பையில் மூடிக் கிடந்தால் துறையடியால் நூறு தரம் போனாலும் போகாது. இது எனக்குத் தெரியாது. அடுத்த மேசையில் இருந்தவனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்காமலே உங்களுக்கு "எல்லாம் சரி" என்று எழுதினேன்.

ஒக்ரோபர் ஐந்தாம் திகதி சங்கத்தோடு விசாரணைக் கூட்டம். நான் இந்த நேரங்களை அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். நாற்பத்தோராம் பக்கத்தையும் வைப்பேன். உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லுவேன். இது சத்தியம்.

என்னை மன்னியுங்கள் அக்கா.

மிரோஜன்


வெள்ளவத்தை,
14.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொல்லவில்லை.

தாள்களைக் கொண்டுபோனேன். கோப்புக்குள் இருந்தது. கூட்டம் தொடங்க முதல் டிரெக்டர் என்னைக் கூப்பிட்டு, "உங்கள் அக்கா சம்பந்தப்பட்டிருக்கிறா, நீங்கள் கதைத்தால் பக்கச்சார்பு என்பார்கள், நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு அவர் "பாவனையாளர் பயிற்சிக் குறைபாடு" என்று வாசித்தார். பயிற்சிக்குப் பிந்தி வந்தவர், செயலியைத் தினமும் திறக்கவில்லை என்று. அப்போதும் எனக்கு வாய் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன்.

"பச்சைச் சரி என்றால் போய்விட்டது என்று உங்களுக்கு யார் சொன்னது" என்று விசாரணையில் கேட்டதற்கு, "நானாக நினைத்தேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாளையும் அங்கே வாசித்தார்கள். என் கடிதத்தை நீங்கள் காட்டவில்லை. அதைக் கேட்ட பிறகும் நான் எழும்பவில்லை.

நான் ஒருத்தன் சொல்லி என்ன மாறியிருக்கும் என்று ஷாமினி கேட்கிறாள். திட்டத்தை நிறுத்த மாட்டார்கள். அடுத்த இரண்டு மாவட்டத்துக்கும் எங்களுக்கே வேலை தந்துவிட்டார்கள். நாற்பத்தோராம் பக்கத்தை அதில் சேர்க்க நான் பாடுபடுவேன். உள்ளே இருந்தால்தானே சேர்க்கலாம் அக்கா? வேறென்ன செய்ய எனக்குத் தெரியவில்லை.

ஏசியாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
மிரோஜன்


நெடுந்தீவு,
29.10.2023

தம்பிக்கு,

உன்னை ஏசுவதற்கு எனக்கு ஒரு சொல்லும் வருகுதில்லை.

என்னை மூன்று மாதத்துக்கு வீடுகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பப் பயிற்சி எடுக்க வேண்டுமாம். ஜெனுஷன் என்று ஒரு தாதிப் பிள்ளையை ஊர்காவற்றுறையில் இருந்து போட்டிருக்கிறார்கள். வந்த அன்றைக்கே என்னிடம், "அக்கா, இந்தப் பச்சை வந்தால் போயிட்டுதுதானே?" என்று கேட்டான். நான் சொல்லிக் கொடுத்தேன். எல்லா இடத்துக்கும் நான் போய்ச் சொல்ல ஏலுமா?

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய். என்னிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. சுமித்திரா இன்னும் அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறாள். போன கிழமையும் கேட்டாள். டொக்ரர் வாசிக்கவில்லையோ, அவருக்கு நேரமில்லையோ, தாங்கள் மாடு வளர்க்கிற ஆட்கள் என்றபடியால் பார்க்கவில்லையோ என்று கேட்கிறாள். அப்படியில்லை என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அந்த நேரங்களைத் தாளில் வைத்திருக்கிறாய் என்றாய். கூட்டத்தில் வைக்க ஏலாவிட்டால் அவளுக்கு முன்னால் கொண்டுவந்து வை. உன் வேலை போகாது. அங்கே ஒருத்தருக்கும் தெரியவராது.

நவம்பர் பதினொன்று, சனிக்கிழமை. காலைப் படகில் வா. நான் துறையில் நிற்பேன். இருவரும் சேர்ந்து போவோம். அவளுக்கு முன்னால் நீ ஒன்றும் பெரிதாகக் கதைக்க வேண்டாம். கடிதத்தில் எனக்கு எழுதினதைச் சொன்னால் போதும்.

உன் அக்கா,
கிறிஸ்ரினா


நெடுந்தீவு,
03.12.2023

மிரோஜன்,

நீ வரவில்லை. வாடைக்காற்று, படகு ஓடாது என்று நினைத்திருப்பாய் என்று அன்றைக்கு எனக்கு நானே சொன்னனான். படகு ஓடினது. அடுத்த சனிக்கிழமையும் போனனான். அதற்கு அடுத்ததற்கும் போனனான். ஒரு கடிதமாவது வரும் என்று தபாற் கந்தோரிலும் கேட்டேன்.

போன வியாழக்கிழமை நான் தனியச் சுமித்திரா வீட்டுக்குப் போனனான். தாதியாக இல்லை, சும்மா ஊர்ப் பெண்ணாக. அவள் முற்றத்தில் கன்றுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதினது மூன்று நாள் என்ரை பைக்குள்ளேயே கிடந்தது, அதுவரை டொக்ரருக்குப் போகவே இல்லை, அவரில் பிழை இல்லை என்று. பச்சைச் சரியைப் பற்றிச் சொன்னேன். போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு எழுதினது என் தம்பி என்றும், அந்தத் திட்டத்தை வகுத்தது அவன்தான் என்றும் சொன்னேன். விசாரணையில் உன் பெயரை ஒளித்த நான் அவளிடம் ஒளிக்கவில்லை.

அவள் கஞ்சியைக் கிண்டாமல் விட்டுவிட்டாள். கஞ்சி அடிப்பிடிக்க, பார்வதிப்பிள்ளை வந்து அடுப்பில் இருந்து இறக்கினா. அந்த மனிசி என்னை, "எழும்பிப் போ பிள்ளை" என்றா. நான் எழும்பினேன்.

சுமித்திரா கூப்பிட்டாள். "உங்கடை தம்பிக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டாள்.

"ஓம், ஒண்டு. பொம்பிளைப் பிள்ளை, ஒண்டரை வயசு" என்றேன்.

"நல்லாயிருக்கட்டும்" என்றாள். கோபத்தில் சொன்ன மாதிரி இல்லை. அவள் அப்படியே மனதோடு சொன்னாள்.

இதை உனக்கு எழுதாமல் விடத்தான் நினைத்தேன். ஆனால் அவள் உன் பிள்ளைக்குச் சொன்னதை நான் வைத்திருக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். உன் கடிதம் வந்தாலும் இனி நான் உடைக்க மாட்டேன்.

கிறிஸ்ரினா